குதிரையை மாற்றலாமா?

கிட்டாரைப் பற்றி எழுதினால் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் படிக்காமல் போய்விடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் பழைய பொருள் ஒன்று இருந்து, அதை அப்படியே வைப்பதா, பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று குடும்பத்தில் வாக்குவாதம் வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்த வாக்குவாதம் பெரும்பாலும் ஒரே பாகத்தில்தான் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் அதை பிரிட்ஜ் என்கிறார்கள். வலது கைப் பக்கத்தில், கம்பிகள் ஏறி உட்காரும் உலோகத் தகடு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரிக் கிட்டாரின் பிரிட்ஜ், தேய்ந்தால் கழற்றி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. மாற்றுவதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்காக மரத்தில் புதுத் துளை போடக் கூடாது. கழற்றியதைக் குப்பையில் எறியவும் கூடாது.

பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை. வீணைக்காரர்கள் இந்தப் பாகத்தைக் குதிரை என்பார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம், ஏனென்றால் பிரெஞ்சிலும் இது குதிரைதான். ஷெவால் என்றால் குதிரை, ஷெவாலே என்றால் குட்டிக் குதிரை. ஓவியர்கள் படத்தைச் சாய்த்து வைக்கும் தாங்கிக்கும் அதே பெயர். ஆங்கிலேயருக்கோ அது பாலமாகத் தெரிந்திருக்கிறது. சரி, பாலம் என்றே இருக்கட்டும். அந்தப் பாலத்தின் மேல் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்னத் துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் சாடில், அதாவது சேணம். பாலத்துக்கு எதற்கு ஐயா சேணம்? பிரெஞ்சுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்தத் துண்டை அவர்கள் பொந்தே என்கிறார்கள், சின்னப் பாலம் என்று பொருள். அங்கே பாலத்தின் மேல் சேணம், இங்கே குதிரையின் மேல் பாலம். இரண்டு சண்டையும் வேண்டாம் என்று நான் குதிரை, சேணம் என்றே எழுதப்போகிறேன். தமிழில்தான் இரண்டும் பொருந்துகிறது.

சாதாரண மரக் கிட்டாரில் குதிரை என்பது பலகையில் ஒட்டிய மரத்துண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரில் அது ஒரு சின்ன இயந்திரம். அதை இயந்திரமாக்கியவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. தெரியாததாலோ என்னவோ, ரேடியோவைப் பார்ப்பது மாதிரியே கிட்டாரையும் பார்த்தார். எல்லாம் ஸ்க்ரூவில் நிற்க வேண்டும், கெட்டதைக் கழற்றி நல்லதைப் போட வேண்டும். கிட்டாரின் கழுத்தைக்கூட அவர் பசை போட்டு ஒட்டவில்லை, நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். 1950-களின் தொடக்கத்தில் வந்த அவருடைய டெலிகாஸ்டரில் ஆறு கம்பிக்கு மூன்றே சேணம். இரண்டு கம்பி ஒரே சேணத்தில் உட்கார்ந்தால் ஒன்றுக்குச் சுருதி சரியாக வரும், மற்றது கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், கூட்டுக் குடும்பம் மாதிரி. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பிக்கு ஒன்றாக ஆறு சேணம் வைத்தார்.

அந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் குதிரைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அது அசையும். முன்பக்கம் ஆறு ஸ்க்ரூக்களில் கதவுக் கீல் போலப் பிடித்திருக்கும். அடியில் ஒரு கனமான உலோகக் கட்டை உடலுக்குள் இறங்கியிருக்கும். மேலே ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ இழுக்கின்றன. பின்பக்கக் குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதற்கு எதிராக இழுக்கின்றன. தராசு சமமாக நிற்கிறது. வாசிப்பவர் ஒரு கைப்பிடியை அழுத்தினால் சுருதி இறங்கும், விட்டால் திரும்பி வரும். ஃபெண்டர் இதற்கு ட்ரெமலோ என்று பெயர் வைத்தார். சங்கீத இலக்கணப்படி சுருதி அசைந்தால் அது விப்ராட்டோ, ஒலியின் அளவு ஏறி இறங்கினால்தான் ட்ரெமலோ. ரேடியோக்காரர் வைத்த பெயர், இன்றைக்கும் அப்படியே நிலைத்துவிட்டது.

இவ்வளவும் சொல்லக் காரணம், இந்தக் குதிரை விவகாரம் போன வருஷம் எங்கள் வீட்டுக்கே வந்தது.

என் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். நம் ஊர் வழக்கில் சொல்தா. 1978-இல் லீவில் வந்தபோது பாரிஸில் ஒருவர் வாசித்துவிட்டு விற்ற வெள்ளை நிற ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறகு ஓய்வு பெற்று இங்கேயே தங்கியதும் கல்யாண வரவேற்புகளிலும் ஜூலை 14 இரவுகளிலும் அதை வாசித்தார். பக்கத்தில் நின்று ரிதம் அடித்தவன் நான். பகலில் ஆபீஸ், இரவில் கிட்டார். அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. கிட்டார் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அதை வெளியே எடுத்தவன் அண்ணனுடைய மகள் வயிற்றுப் பேரன், பதினேழு வயசு. எடுத்துப் பார்த்தால் குதிரை முழுக்கத் துரு. கடற்கரையிலிருந்து நாலாவது தெருவில் இருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பையன் அதைச் சென்னையில் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனான். கடைக்காரர் பார்த்துவிட்டு, பழைய மாடலே வேண்டாம், ஆறு ஸ்க்ரூ துளையையும் அடைத்துவிட்டு இரண்டு பெரிய துளை போட்டு, இரண்டு தூணில் நிற்கிற புது மாதிரிக் குதிரையைப் பொருத்தித் தருகிறேன் என்றார். சொன்ன தொகை என் ஓய்வூதியத்தில் கால் பாகம். பையன் குஷியாகத் திரும்பி வந்தான். "சின்னத் தாத்தா, சத்தமே வேற மாதிரி வருமாம்" என்றான்.

அண்ணி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் போய்க் கேட்டதற்கு அவர்கள் சொன்ன காரணம் இது: "தம்பி, அவர் கை வச்ச இடம் அதுதான். அதையே எடுத்துட்டா அப்புறம் அதுல அவரோடது என்ன இருக்கு?"

இதை ஏதோ வயசான அம்மாவின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கிட்டார் வாசிப்பவரின் இடது கை கழுத்தின் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். வலது உள்ளங்கையின் ஓரம் மட்டும் குதிரையின் மேலேயே படிந்திருக்கும். கம்பியின் அதிர்வை அடக்கி வாசிக்கும்போது அங்கிருந்து நகரவே நகராது. அண்ணனுடைய குதிரையில் தடித்த கம்பிகள் இருக்கிற பக்கம் முலாம் முழுக்கப் போய், உலோகம் மங்கலாகத் தெரிந்தது. வேர்வையும் உள்ளங்கையும் இருபது முப்பது வருஷம் சேர்ந்து செய்த வேலை. அண்ணி அதைக் கவனித்து வைத்திருக்கிறார்கள். எத்தனை கல்யாண வீட்டில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

ஆக, ஒரு பக்கம் துளை போடு என்கிறார்கள், இன்னொரு பக்கம் தொடாதே என்கிறார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

துளையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு தூண் குதிரை மோசமான சரக்கு இல்லை. ஃபெண்டர் கம்பெனியே 1980-களில் அதைக் கொண்டுவந்தது. அசைவு லகுவாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதற்கென்று செய்த கிட்டாரில் அது இருக்கட்டும். பழைய கிட்டாரில் துளை போட்டால் திரும்ப வழி இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றலாம், மரத்தைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது. நாளைக்கு விற்க நேர்ந்தாலும் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்தத் துளையைத்தான், விலை அங்கேயே இறங்கும். அதைவிட எனக்கு எரிச்சல் தந்தது வேறு. குதிரையில் என்ன கெட்டிருக்கிறது என்று யாரும் பார்க்கவே இல்லை. முப்பத்துநாலு வருஷம் கோப்பு பார்த்தவன் நான். ஒரு தாள் கிழிந்ததற்காகக் கோப்பையே மாற்றச் சொன்ன அதிகாரி யாரும் எனக்கு வாய்த்ததில்லை.

குதிரை செய்யும் சேட்டைகளில் பெரும்பாலானவை சில்லறைச் செலவில் முடிவது. ஒரே கம்பி திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அறுகிறதா? அந்தச் சேணத்தில் ஒரு பிசிறு இருக்கும். மெல்லிய அரத்தாலோ, பழைய தடித்த கம்பித் துண்டாலோ இரண்டு தேய் தேய்த்தால் போய்விடும். கம்பி இரைகிறதா? சேணத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்க்ரூ தானாக இறங்கியிருக்கலாம். ஆம்ப்ளிஃபையர் எப்போதும் உறுமிக்கொண்டே இருந்து, கம்பியைத் தொட்டாலும் அடங்கவில்லையா? பின்பக்கம் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் கொக்கித் தகட்டில் பற்றவைத்த எர்த் வயர் விட்டுப்போயிருக்கும். இதற்கெல்லாம் குதிரையை மாற்றச் சொல்கிறவர் சாமான் விற்கிறவராகத்தான் இருப்பார்.

எங்கள் கிட்டாரிலும் அப்படித்தான் தொடங்கினோம். ஒரு சேணத்துக்கு இரண்டு உயர ஸ்க்ரூ, மொத்தம் பன்னிரண்டு. தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ராத்திரி முழுக்க வைத்தோம். மறுநாள் பாட்டரி ஊசி முனையால் சூடு காட்டி, ஆலன் கீ போட்டுத் திருப்பினோம். ஏழு வந்தன, ஐந்து வரவே இல்லை. சேணத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆனால் தகட்டைத் தூக்கிப் பார்த்தால் ஆறு ஸ்க்ரூ துளைகளின் விளிம்பும் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. கைப்பிடியை அழுத்திவிட்டால் குதிரை பழைய இடத்துக்கே திரும்பாது, ஒவ்வொரு தடவையும் சுருதி வேறிடத்தில் நிற்கும். இதற்கு எண்ணெயால் பரிகாரம் கிடையாது. முழுக் குதிரையும் மாற வேண்டும் என்று தெரிந்தது அப்போதுதான்.

இனி அண்ணியிடம் பேச வேண்டும். நான் அவர்களிடம் வீணையைச் சொன்னேன். வீணையின் இருபத்துநாலு மெட்டும் மெழுகில் பதித்தவை. சில வருஷத்துக்கு ஒரு தடவை மெழுகை எடுத்துவிட்டு மெட்டுகளைத் திரும்ப வைப்பார்கள், மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். குதிரையின் மேல் இருக்கிற உலோகத் தகட்டை அரத்தால் ராவி நாதத்தைச் சரி செய்வார்கள். அம்மா வாசித்த வீணைக்கு மகள் மேளம் கட்டினால் அது அம்மாவை அவமதிப்பது என்று யாராவது சொல்வார்களா? "வாசிக்கணும்னா கட்டித்தானே ஆகணும், அண்ணி" என்றேன். அவர்கள், "அது மெழுகு. இது அவர் கை" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் என் கருத்து மாறவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடப்பது அப்படியே இருக்கும் என்று நினைப்பது தப்பு. ஸ்பிரிங்கும் கம்பியும் இழுத்துக்கொண்டே இருக்கும், துரு ஏறிக்கொண்டே இருக்கும். இன்னும் பத்து வருஷத்தில் கழற்றுவதற்கே ஸ்க்ரூ தலை இருக்காது. இப்போது கழற்றினால் அவர் கை பட்ட அந்தத் தகடு தகடாகவே மிஞ்சும். இதைச் சொன்ன பிறகுதான், "கழட்டினதை என் கையில கொடுக்கணும்" என்று ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்தது அளவு. குதிரை வாங்குகிறவர்களில் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆறு ஸ்க்ரூ குதிரை என்றாலும் எல்லாம் ஒன்று இல்லை. முதல் ஸ்க்ரூவின் நடுவிலிருந்து கடைசி ஸ்க்ரூவின் நடு வரை அளக்க வேண்டும். பழைய அமெரிக்க அளவு 56 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வேறு நாடுகளில் செய்த பல கிட்டார்களில் 52 மில்லிமீட்டரும் சொச்சமும். நாலு மில்லிமீட்டர்தானே என்று வாங்கினால் ஒரு ஸ்க்ரூவும் துளையில் இறங்காது. விற்கிறவர் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றுதான் சொல்வார். வெர்னியர் காலிப்பரால் அளந்து, எழுதி வைத்துக்கொண்டு, அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எங்களுடையது 56. அடியில் இருக்கும் கட்டையின் ஆழத்தையும் அளந்தோம்.

வேலையைப் பையனே செய்தான். நான் டார்ச் பிடித்தேன். முதலில் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். கம்பிகளை ஒவ்வொன்றாக அறுக்காமல் ஆறையும் சமமாகத் தளர்த்தி எடுத்தான். பின்மூடி, ஸ்பிரிங்குகள், ஆறு ஸ்க்ரூ என்று வரிசையாக வந்தன. பழைய குதிரையைத் தூக்கியதும் அடியில் பால் வெள்ளை. கிட்டார் முழுக்கத் தந்தம் போலப் பழுத்திருக்கிறது, வெளிச்சம் படாத அந்த நாலு விரல் இடத்தில் மட்டும் பாரிஸில் பார்த்த நிறம். அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

புதுக் குதிரையை வைத்து ஆறு ஸ்க்ரூவையும் மூச்சைப் பிடித்து முடுக்கக் கூடாது. தகடு முன்பக்கம் தூக்காமல், அசைவதற்கு இடம் விட்டு நிறுத்த வேண்டும். பின்பக்கம் உடலுக்கும் தகட்டுக்கும் நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அளவுகோல் நுழையாத இடம் அது. ஏ.டி.எம். கார்டு நாலை அடுக்கினால் சரியாக 3 மில்லிமீட்டர் வரும், அதைச் செருகிப் பார்க்கலாம். இதற்குப் பிறகு பொறுமை வேண்டும். தராசு என்று சொன்னேனே, ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற ஐந்தும் இறங்கும். மூன்று நாலு சுற்று போக வேண்டும்.

கடைசி வேலை சேணங்களை முன்னும் பின்னும் நகர்த்துவது. இந்தக் கிட்டாரில் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர். சரிபாதியில் பன்னிரண்டாவது மெட்டு. அங்கே கம்பியை அழுத்தி மீட்டினால் வெறும் கம்பிக்கு மேல்ஸ்தாயி வர வேண்டும். ஆனால் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபடுவதால் சுருதி ஏறிவிடுகிறது, தடித்த கம்பியில் இன்னும் அதிகமாக. அதை ஈடுகட்டச் சேணத்தைப் பின்னுக்குத் தள்ளி நீளத்தைக் கூட்டுகிறோம். சுருதி குறைந்தால் முன்னுக்கு. நன்றாகச் சரி செய்த குதிரையில் ஆறு சேணமும் ஒரே கோட்டில் இருக்காது, படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். அழகுக்காக அவற்றை ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு வாசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சத்தமே வேறு மாதிரி வரும் என்று கடைக்காரர் சொன்னாரே, அதைப் பற்றி. அடிக்கட்டை எஃகா துத்தநாக வார்ப்பா, சேணம் பித்தளையா எஃகா என்று இளைஞர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்த குதிரைக்கும் உறுதியான குதிரைக்கும் வித்தியாசம் நிச்சயம் கேட்கிறது, நாதம் நீண்டு நிற்கிறது. நல்ல குதிரையைக் கழற்றிவிட்டு விலை உயர்ந்த குதிரையைப் போட்டால் வருகிற வித்தியாசம், புதுக் கம்பி போட்டால் வருகிற வித்தியாசத்தில் பாதிகூட என் காதுக்கு இல்லை. என் காதுக்கு எழுபத்துமூன்று வயசு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய குதிரையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, வராத ஐந்து ஸ்க்ரூவையும் வந்த ஏழையும் அதிலேயே வைத்து, ஆபீஸ் பழக்கப்படி ஒரு சீட்டு எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். தேதி, அளவு, புதுத் துளை எதுவும் போடவில்லை என்ற விவரம். டின் அண்ணியின் பீரோவில் இருக்கிறது. கிட்டாரை எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கலாம். அண்ணிக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. பையன் வாசித்தால் திண்ணையில் வந்து உட்கார்கிறார்கள், "அவர் இவ்வளவு சத்தமா வாசிக்க மாட்டார்" என்கிறார்கள். அது உண்மைதான்.

உங்கள் வீட்டிலும் பழைய கிட்டார் இருந்து, பேரப்பிள்ளைகள் அதில் கை வைக்கப் போகிறார்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. பழைய அமெரிக்கக் கிட்டாரின் உயர ஸ்க்ரூவுக்கு அங்குல அளவு ஆலன் கீ வேண்டும், 0.05 அங்குலம். இங்கே கடையில் சுலபமாகக் கிடைப்பது 1.5 மில்லிமீட்டர், அது உள்ளே போகாது. அளவுக்குச் சின்னதான கீயைப் போட்டுத் திருப்பினால் ஸ்க்ரூவின் வாய் வட்டமாகிவிடும், பிறகு எந்த எண்ணெயும் உதவாது. வாசித்து முடித்ததும் குதிரையை ஒரு காய்ந்த துணியால் துடைத்து வைக்கச் சொல்லுங்கள்.